தம்பிக்கு, ஒரு சாயங்காலம் கேட்டு

அன்புள்ள தம்பிக்கு,

மே மாத லீவுக்கு நீ போட்டிருக்கும் திட்டத்தை நேற்று போனில் சொன்னாய். பத்து நாளில் இரண்டு மால், மகாபலிபுரம், நடுவில் ஒரு கல்யாணம். எல்லாம் சரி. அதில் ஒரு சாயங்காலத்தை மட்டும் எனக்குக் கொடு. போனில் கேட்டால் "பார்க்கலாம்க்கா" என்று சொல்லிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதும் தெரிந்துதான். லீவுக்கு ஊர் வருகிற தம்பிகள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

போன வருஷம் மாலில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பிள்ளைகளோடு மேலே போய்விட்டாய். அம்மா எஸ்கலேட்டர் முன்னால் நின்று வலது காலைத் தூக்குவதும் பழையபடி தரையில் வைப்பதுமாக இருந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்றாள். சும்மா உட்கார அங்கே ஏது இடம்? ஏதாவது வாங்கினால்தான் நாற்காலி. ஒரு ஐஸ்கிரீம் வாங்கி மேஜைமேல் வைத்தேன். சர்க்கரைக்காரி, தொடவில்லை. அது உருகி முடியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் அவளை நடேசன் பூங்காவுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு நான், அம்மா, சின்னவள் மூன்று பேரும் ஆட்டோவில் கிளம்புவோம். முடிந்தால் மாமாவும் வருவார். உஸ்மான் ரோட்டுக் கூட்டத்தையும் பனகல் பூங்காப் பக்கத்து மெட்ரோ வேலையையும் தாண்டி வெங்கடநாராயணா சாலையில் இறங்கி உள்ளே நுழைந்து இருபது அடி வைத்தால் போதும், ஆரன் சத்தம் எங்கேயோ தள்ளிப் போய்விடும். உன் ஊர் பெங்களூரு லால்பாக் பூங்கா 240 ஏக்கர். அதன் பக்கத்தில் இது கைக்குட்டை அளவுதான். அம்மாவின் முட்டிக்கு அந்தக் கைக்குட்டைதான் தோது. பாதி தூரம் நடப்பாள், பெஞ்சில் உட்காருவாள், மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை நடப்பாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்வதில்லை.

தூங்குமூஞ்சி மரம் உனக்குத் தெரியும். அது தூங்குவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? நானும் இந்த வருஷம்தான் பார்த்தேன். சின்னவள் பாட்டி மடியில் தலை வைத்து அண்ணாந்து படுத்திருந்தாள். ஐந்தே முக்கால் இருக்கும். "பாட்டி, இலையெல்லாம் கை கூப்புது" என்றாள். நிமிர்ந்து பார்த்தால், எதிரெதிர் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எந்த இலையை உற்றுப் பார்த்தாலும் அசைவது தெரியாது. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இன்னும் கொஞ்சம் மூடியிருக்கும். பச்சைக் கூரையாக இருந்தது அரை மணி நேரத்தில் சல்லடையாகி, அது வழியே வானம் தெரிந்தது. காம்பு ஒட்டுகிற இடத்தில் குட்டி முண்டு மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும்போது இலை மடங்குகிறது. மேகம் கறுத்தாலும் இதே மாதிரி மடங்கிக்கொள்ளும், பெய்கிற மழை நேராக மண்ணில் விழும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் என்றால் அம்மா நம்பவே மாட்டேன் என்கிறாள். அவளுக்கு அது மாம்பலத்து மரம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இந்த ஊர் எத்தனை மரங்களை ஒரே நாளில் இழந்தது என்பதை அவள் ஜன்னலில் நின்று பார்த்தவள். அதனால் பூங்காவுக்குள் நுழைந்ததும் முதலில் மரங்களைத்தான் ஒரு சுற்றுப் பார்ப்பாள், எல்லாம் இருக்கிறதா என்று.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, அந்த வழியாக எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்போம்? எந்த லேக் என்று ஒரு நாளாவது கேட்டோமா? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது, லாங் டேங்க் என்பார்கள். 1920-களில் அதன் தண்ணீரை வடித்து மனை போட்டு எழுப்பியதுதான் தியாகராய நகர். நாம் உட்காரும் இடமும் ஏரி இருந்த இடம்தான் என்றேன். சின்னவள் உடனே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைத்து ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

பூங்காவின் பெயரையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தியாகராயர், டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேசன் மூவரும் 1916-இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்கள். ஒருவர் பெயரில் நகர், ஒருவர் பெயரில் சாலை, ஒருவர் பெயரில் இந்தப் பூங்கா. எனக்கு நடேசன்மேல்தான் பிரியம் அதிகம். வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடம் கிடைக்காத காலத்தில், திருவல்லிக்கேணியில் அவர்களுக்காகத் திராவிடர் இல்லம் என்று விடுதி நடத்தியவர். காசு கேட்காமல் எல்லாரையும் உட்காரவிடுகிற ஓர் இடத்துக்கு அவர் பெயர் பொருத்தம்தானே?

தம்பி, உன்னிடம் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

வீட்டில் அம்மா பேசுவது குறைந்துவிட்டது. மாத்திரை போட்டாச்சா, குக்கர் எத்தனை விசில், அவ்வளவுதான். பூங்கா பெஞ்சில் அப்படியில்லை. முதல் பத்து நிமிஷம் சும்மா இருப்பாள். பிறகு, யாரும் எதுவும் கேட்காமலே, தானாகப் பேச ஆரம்பிப்பாள். போன ஞாயிறு அப்பாவைப் பற்றிப் பேசினாள்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிறு தவறாமல் அப்பா நம்மை இங்கே கூட்டிவருவார். ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி மூன்று பங்காகப் பிரிப்பார். "அப்பாவுக்கு பார்க்னா உயிர்" என்று நீ இப்போதும் சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா சொல்கிறாள், அப்பாவுக்குச் சும்மா உட்காருவது ஆகவே ஆகாதாம். அந்த நாளில் அவளுக்கு டெலிபோன் ஆபீஸில் சனிக்கிழமை நைட் டூட்டி. காலையில் வந்து நமக்குத் தலைக்கு ஊற்றி, சமைத்துப் போட்டுப் பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் மணி மூன்றரை ஆகிவிடும். அந்த ஒற்றை அறை வீட்டில் நாம் இரண்டு பேரும் இருந்தால் அவள் கண்ணை மூட முடியாது. அதனால் கூட்டிவந்திருக்கிறார். விளக்குப் போடுகிறவரை வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட கணக்கு. "ஒரு நாள் மழை புடிச்சிக்கிச்சு. அப்பவும் வரல. மரத்தடியிலயே உங்க ரெண்டு பேரையும் துண்டுக்குள்ள வெச்சிக்கிட்டு நின்னிருக்காரு. ஏன் வரலைன்னு கேட்டா, நீ எழுந்திருப்பியோ என்னவோன்னு நெனச்சேன்னாரு."

இதைச் சொன்னபோது அம்மா அழவில்லை. கையிலிருந்த தூங்குமூஞ்சிக் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காய் ஒடிந்தால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், நமக்குத் தெரியுமே. அந்த ஒட்டலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "நல்லாத் தூங்குவேன்டி அந்த ரெண்டு மணி நேரம்" என்றாள்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இதை இத்தனை நாள் நாம் அவளிடம் கேட்கவே இல்லை. அவள் மனதில் இப்படி இன்னும் எவ்வளவு இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. நான் கேட்டுவந்து உனக்கு ஒப்பிப்பது வேறு, நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு.

அதனால் வந்த அன்றைக்கே நாலரைக்கு ஆட்டோ சொல்கிறேன். முதுகு சாய்கிற பெஞ்சை முன்னாலேயே போய் நான் பிடித்து வைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பந்து போதும். போனை வீட்டில் வைத்துவிட்டு வா. வேர்க்கடலைக்குச் சில்லறை எடுத்துக்கொள்.

உன் மனைவியும் வாரம் முழுக்க ஆபீஸ், வீடு என்று ஓடுகிறவள். ராத்திரி பஸ்ஸில் சரியாகத் தூங்கியிருக்கமாட்டாள். அவளை எழுப்பாதே, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வா. விளக்குப் போட்ட பிறகு திரும்பலாம்.

அன்புடன்,
அக்கா