கியர்பாக்ஸ் ஆயில் கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ்கெட் மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
சர்வீஸ் மேலாளர், கார் சர்வீஸ் மையம், வேலூர்.

ஐயா,

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் ஆட்டோமேட்டிக் காரை உங்களிடம் விட்டபோது நான் சொன்ன குறை ஒன்றே ஒன்று: நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. உங்கள் அட்வைசர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வெயில் காலம் சார், ஏசி தண்ணிதான்" என்று அனுப்பிவிட்டார். வேலூர் வெயிலில் ஏசி தண்ணீர் சொட்டும், சரி. அதற்கு நிறம் கிடையாது, காய்ந்தால் தடமும் இருக்காது. எங்கள் வாசலில் இருந்ததோ சிவப்புக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது 'இன்ஜின் ஆயில்' என்று முடிவுகட்டி, வால்வு கவர் கேஸ்கெட்டை (இன்ஜின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டையை) மாற்றி 3,840 ரூபாய் வாங்கினீர்கள். நான்கே நாளில் பழைய கதைதான்.

அப்புறம் நானே இறங்கினேன். வேலை செய்யும் ஷூ கம்பெனியிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பிரித்து, இரவில் வண்டியின் முன்பக்க அடியில் விரித்தேன். முன் டயர்கள் நிற்கும் இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்தேன். காலையில் இடது டயருக்கு உள்பக்கமாக ஒன்பது சொட்டு. வெள்ளை டிஷ்யூவில் ஒற்றினால் செக்கச்செவேல். ஓடிய இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். எங்கள் வண்டியில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் பச்சை. மீதி இருப்பது கியர்பாக்ஸ் ஆயில்தானே, நீங்களே சொல்லுங்கள்.

காட்பாடியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கியர்பாக்ஸின் அடியைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்ததும் டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் ஓரம் முழுக்க ஈரம். "சொட்டுற இடத்தை நம்பாதீங்க சார், ஓடும்போது காத்து பின்னாடி தள்ளிடும். ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க" என்றார். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாரண்டி கெட்டுவிடும் என்று அவர் சீலைத் தொடவில்லை. அந்த நாணயம் உங்களிடம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

இது தரையில் விழும் கறையோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். போன ஞாயிறு அம்மாவை அழைத்துக்கொண்டு ஏலகிரி ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் குறைந்தால் இப்படித்தான் ஆகும். அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள். இது உங்களுக்குத் தெரியாததா?

நான் கேட்பது இதுதான். தேவையில்லாமல் மாற்றிய கேஸ்கெட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஆயில் சீலை வாரண்டியில் மாற்றி, ஆயில் அளவைச் சரிசெய்யுங்கள். குறைந்த ஆயிலில் ஓடியதால் கியர்பாக்ஸ் உள்ளே சேதம் உண்டா என்று சோதித்து, எழுத்தில் கொடுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

பில் நகல்கள் இணைத்துள்ளேன். அந்த அட்டையை நேரில் கொண்டுவருகிறேன். இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை, உங்கள் அட்வைசரை வெள்ளைச் சட்டையோடு வாங்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்