“இன்னா பெருசு” என்று என்னைக் கேட்ட உங்கள் காட்பாடி கிளை குறித்தும், 4,250 ரூபாய் குறித்தும்

அனுப்புநர்:
கல்லூரி மாணவி ஒருத்தியின் தந்தை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: சீனியர் மாணவர் வழிப் பாடத் திட்டத்தில் நடத்தப்படாத 17 வகுப்புகளுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு நான்கு முறை பேசி, செயலியில் இயந்திரம் பதில் சொல்லும் சாட்டில் பலமுறை எழுதி, இரண்டு மின்னஞ்சல் அனுப்பி, காட்பாடி கிளைக்கு மூன்று முறை நேரில் வந்து போன பிறகு இக்கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். இதற்கு மேல் அலைய என் காலில் வலுவும் இல்லை, கடையில் விடுப்பும் இல்லை.

நான் லுங்கி மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுபவன். என் மகள் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால், ரியல் அனாலிசிஸ் பாடத்துக்குத் தமிழில் விளக்கக்கூடிய சீனியர் வேண்டும் என்று ஜூலை மாதம் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, உங்கள் செயலி வழியாகக் கைப்பேசியில் நடக்கும் 24 வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 250 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் கட்டினோம். உங்கள் திட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்; அதை நான் விளக்கத் தேவையில்லை. எனினும் உங்கள் கிளையில் யாருக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை, அதே பாடத்தில் ஓராண்டுக்கு முன் தானும் தடுமாறி மீண்ட அக்காவிடமோ அண்ணனிடமோ கூசாமல் கேட்கலாம் என்பதற்காகத்தான் பெற்றோர் இதற்குப் பணம் கட்டுகிறோம். சாதாரண டியூஷன் போதுமென்றால் அது எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

முதலில் வந்த மாணவி நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று வகுப்புகளுக்குப் பிறகு அவரை ஏன் மாற்றினீர்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. அடுத்து வந்தவர் பொறியியல் மாணவர், தமிழ் தெரியாதவர், இந்தப் பாடத்தையே படித்திராதவர். ஒரு நாள் இரவு நான் பக்கத்தில் பேரேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, விடையில் பொறுக்கக்கூடிய பிசகான எப்சிலானை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்க வைக்கும் அளவான டெல்டாவைப் பிறகு தேடுவது ஏன் என்று மகள் கேட்டாள். எதை முதலில் எடுத்தாலும் ஒன்றுதான், சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். எவ்வளவு பிசகு பொறுக்கலாம் என்று வாங்குகிறவர் சொன்ன பிறகுதானே, அதற்குள் அடங்கும்படி தறியில் அளவு வைக்க முடியும்? கல்லூரி வாசலை மிதிக்காத எனக்கே அந்த வரிசை புரிந்தது. அவருக்குப் புரியவில்லை, அவரை அனுப்பிய உங்களுக்கும் புரியவில்லை.

நான்கு வகுப்புகள் எடுத்ததோடு அவரும் நின்றுவிட்டார். அதன் பிறகு ஒன்பது மாலைகள் என் மகள் ஏழு மணிக்கே கைப்பேசியைத் திறந்து வைத்து எட்டு மணிவரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது முறையும் செயலியில் “மாணவர் வரவில்லை” என்று பதிவாகி, நாங்கள் பணம் கட்டியதற்கான வகுப்புக் கணக்கில் ஒன்பது கிரெடிட்டுகள் கழிந்தன. வராதது யார் என்பதைத் திரைப்பதிவுகள் காட்டும், அவற்றை இணைத்திருக்கிறேன். மீதமிருந்த எட்டு, காலாவதி என்று அக்டோபரில் மறைந்துவிட்டது.

இனி அந்த மூன்றாவது பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை கழிந்த திங்கட்கிழமை. அசல் ரசீதுடன் கிளைக்கு வந்தால் அன்றே பணம் கிடைக்கும் என்று உங்கள் தொலைபேசிப் பெண்மணி கூறியதை நம்பி, அரை நாள் அல்ல, முழு நாள் சம்பளத்தை விட்டு, காலை எட்டு மணிப் பேருந்தில் கே.வி.குப்பம், லத்தேரி வழியாக வந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலில் நடந்து வந்தேன். கதவு பூட்டியிருந்தது. “மீட்டிங், 3 மணிக்கு மேல்” என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். கீழே ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்து, கட்டி வந்த தயிர்சாதம் புளித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3.40 மணிக்கு வந்த இளைஞர், நான் நீட்டிய ரசீதைக் கையில் வாங்காமலே, “இது ஜெராக்ஸு, ஒரிஜினல் கொண்டா” என்றார். உங்கள் நிறுவனம் செயலியில் மட்டுமே ரசீது தருகிறது. அதன் அசல் எங்கே இருக்கும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் அதையே கேட்டேன். அவர் நாற்காலியை அரைவட்டமாகத் திருப்பிக்கொண்டு, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னா பெருசு, உன் பொண்ணுக்குப் படிப்பு ஏறலன்னா அதுக்கு நாங்க இன்னா பண்றது?” என்றார்.

ஐயா, எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். பாக்கி வைத்தவரைக்கூட ஒருமையில் பேசியதில்லை. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 97 எடுத்த பெண்ணைப் பற்றி, அவளை ஒருமுறைகூடப் பார்த்திராதவர், கடன் கேட்க வந்தவனிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசினார். பணம் போனால் போகட்டும் என்று நான் இருந்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இனி அப்படிச் சும்மா இருக்க மாட்டேன். அவர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

உள்மதிப்பீட்டுத் தேர்வில் இந்தப் பாடத்தில் அவளுக்கு 25க்கு 9தான் கிடைத்தது. இம்மாதம் செமஸ்டர் தேர்வு. 75 மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. இதில் அரியர் விழுந்தால் எம்.எஸ்ஸி. போகும், பி.எட். போகும், ஆசிரியர் வேலை போகும், எங்கள் குடும்பமே எழ முடியாமல் போகும். அத்தனைக்கும் நீங்களே பொறுப்பு. முதலில் வந்த மாணவியைத் தேர்வு முடியும்வரையாவது திரும்ப அனுப்பினால் நான் நன்றியோடு இருப்பேன் என்பதையும் இவ்விடத்தில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடக்காத 17 வகுப்புகளுக்கு 4,250 ரூபாய். பொறியியல் மாணவரின் நான்கையும் சேர்த்தால் 5,250. அதை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். மின்னணு வணிக விதிகள், 2020-இன்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மின்னஞ்சல் சென்று ஐந்து வாரங்கள் ஆகின்றன. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அங்கும் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் ரூபாயும் சேர்த்து வழக்குத் தொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கணக்கு எழுதுபவனுக்கு மனு எழுதுவது பெரிய வேலையல்ல. அதற்கு இடம் வைக்க மாட்டீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

பின்குறிப்பு: அன்று வந்த ஆத்திரத்தில் என் கறுப்புக் குடையைக் கிளையின் வாசல் ஓரம் விட்டு வந்துவிட்டேன். மரப்பிடி, பிடியில் நீல நூல் சுற்றியிருக்கும். அதையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லவும். என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான். நான் வர மாட்டேன்.