ஆனதோத் நிலத்துப் பத்திரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணனுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், நடுவில் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்புவது, எல்லாவற்றையும் நீ ஒருத்தியாய்ப் பார்க்கிறாய் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாகிவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புத்தாண்டு ஆராதனையில் நீ எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது, உங்களுக்காக நான் நினைப்பது தீமையல்ல, சமாதானமே, நீங்கள் எதிர்பார்க்கிற முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம். அதே மாதம் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இனி எதை நம்பி ஜெபிப்பது என்கிறாய்.

அட்டையில் அந்த ஒரு வசனத்தைத்தான் அச்சடிக்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது, 70 வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்று. அதைக் கேட்ட பெரியவர்கள் ஊர் திரும்புகிற நாளைப் பார்த்திருக்க வழியில்லை. 28-ம் அதிகாரத்தையும் படி. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் சொன்னவன் அனனியா என்கிற தீர்க்கதரிசி. கேட்க இனிப்பாய் இருந்திருக்கும். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. 'இந்த மாதமே சுகம்' என்று உன்னிடம் அடித்துச் சொல்லிவிட்டுப் போன ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாயே, எனக்கு அனனியாதான் ஞாபகம் வந்தான். கோபமும் வந்தது.

என்னைத் தாங்குவது 32-ம் அதிகாரம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவள் அல்லவா, அதை வரி வரியாய்ப் படிப்பேன். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவருடைய தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, எரேமியாவின் சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும், நெருங்கிய உறவினராய் அதை மீட்கிற உரிமை உமக்குத்தான் என்கிறான். எதிரி கைக்குப் போகிற நிலத்தை யார் வாங்குவார்கள்? இவர் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி முத்திரை போடுகிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரை போட்டது ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார், நெடுநாள் கெடாமல் இருப்பதற்காக. எந்த நடைமுறையிலும் குறை வைக்கவில்லை.

அதெல்லாம் முடிந்த பிறகுதான், நகரமே பறிபோகும்போது நிலம் வாங்கச் சொன்னீரே என்று கர்த்தரிடம் கேட்கிறார். கேட்டதற்குக் கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை. என்னால் ஆகாத அதிசயம் ஒன்று உண்டோ என்று திருப்பிக் கேட்கிறார். ஆகவே நீ கேட்பதிலும் குற்றமே இல்லை.

அந்த நிலத்தில் எரேமியா குடியிருந்ததாக வேதத்தில் இல்லை. கி.மு. 586 வாக்கில் நகரம் எரிந்தது. அப்புறம் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கி.மு. 538 வாக்கில் பெர்சியா ராஜா கோரேஸ் கட்டளையிட்டு ஜனங்கள் திரும்பினார்கள். எஸ்றா 2-ல் அவர்களுடைய பட்டியல் இருக்கிறது, நாமெல்லாம் தாண்டிப் போய்விடுகிற பட்டியல். அதில் 23-ம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிடும். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்று எரேமியா மூலம் சொன்ன கர்த்தர், அந்தச் சின்ன ஊரை மறக்கவில்லை.

அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தே தீரும் என்று அந்த அட்டையை வைத்து நான் சொல்லமாட்டேன். கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், அது வேறு. ஆனால் இயேசுவைக் கல்லறையிலிருந்து எழுப்பினவர் உங்கள் இருவரையும் கைவிடமாட்டார் என்பதை உயிருள்ளவரை சொல்வேன். வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம், ஆமென் என்று பவுல் எழுதியதை நான் நம்புவது அந்தக் காலிக் கல்லறையை வைத்துத்தான். பாட முடியாத ஞாயிறு பாடாதே. சும்மா உட்கார்ந்திரு, பக்கத்தில் இருப்பவர்கள் உனக்கும் சேர்த்துப் பாடட்டும்.

அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். டயாலிசிஸ் நாட்களில் அண்ணனோடு நான் போய் உட்காருகிறேன், நீ கொஞ்சம் தூங்கு. அவருக்கு என்னென்ன காய் கொடுக்கலாம், உப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுது. சமைத்து எடுத்துக்கொண்டே வந்துவிடுகிறேன்.

கர்த்தருக்குள் அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி