பொற்கோயில் நூலகத்தின் பட்டியலை வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஒன்றிய உள்துறை அமைச்சர், பாதுகாப்புத் துறை அமைச்சர், அமிர்தசரஸ் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டித் தலைவர் ஆகியோருக்கு,

வணக்கம்.

மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறீர்கள். பொற்கோயில் வளாகத்தில் இருந்த சீக்கிய ரெஃபரன்ஸ் நூலகத்தின் கைப்பிரதி ஒன்றைப் பற்றி நான் விவரம் கேட்டிருந்தேன். போன வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. "தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகத்தில் இல்லை. உரிய அலுவலகத்தை அணுகவும்." உரிய அலுவலகம் எது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1946-இல் தொடங்கிய நூலகம் அது. 1984 ஜூனில் ராணுவம் பொற்கோயிலுக்குள் நுழைந்த பிறகு அங்கே எரிந்த கட்டடம்தான் மிஞ்சியது. நூல்கள் சண்டையில் எரிந்துபோயின என்று அரசுத் தரப்பு சொன்னது. இல்லை, தீப்பிடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள் என்று, குருத்வாராக்களை நிர்வகிக்கும் கமிட்டி சொன்னது. 2000-ஆம் ஆண்டில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ், ராணுவம் எடுத்த நூல்களும் ஆவணங்களும் சிபிஐயிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன என்றார். 2004-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2019-இல் வேறொரு செய்தி வெளியானது. கணிசமான பகுதி எப்போதோ கமிட்டியிடம் திரும்பி வந்துவிட்டதாம், அதில் சில வெளிநாட்டில் விலைக்குப் போய்விட்டனவாம். கமிட்டி விசாரணைக் குழு அமைத்தது.

இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒரு பட்டியல். 1984 மே மாதம் அந்த நூலகத்தில் என்னென்ன இருந்தன, எவை எடுக்கப்பட்டன, எவை எந்தத் தேதியில் திரும்பி வந்தன, எவை வரவில்லை, இவ்வளவுதான்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். பஞ்சாபி மொழியை எழுதும் குர்முகி எழுத்தை நான் பெரியவனான பிறகுதான் கற்றேன். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே கற்றேன். அச்சுப் பதிப்பில் 1,430 பக்கங்கள். எங்கே வாங்கினாலும் ஒரு வரி அதே பக்கத்தில்தான் இருக்கும். கைப்பிரதிகள் அப்படி அல்ல. 1604-இல் ஐந்தாம் குருவான அர்ஜன் தொகுக்க, பாய் குர்தாஸ் எழுதிய மூலத்திலிருந்து ஊர் ஊராகப் படியெடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு படியும் தன் காலத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. சிலவற்றில் மீராபாயின் பாடல் ஒன்று இருக்கிறது. இன்றைய கிரந்தத்தில் அது இல்லை. சில பழைய படிகளில், பிற்காலத்தில் வந்த ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்கள் பின்னால் வேறொரு கையால் சேர்க்கப்பட்டிருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, வரி முழுக்க எழுத்துகள் கோத்துக்கொண்டு ஓடும். முன் ஏடுகளில் குருமார்கள் மறைந்த தேதிகளைக் குறித்து வைத்திருப்பார்கள். சிலவற்றில், கிரந்தத்தின் தொடக்க வரிகளான மூல மந்திரத்தைக் குருவே தன் கையால் எழுதியதைத் தனித் தாளாக ஒட்டியிருப்பார்கள். கடைசியில் மை காய்ச்சும் பக்குவத்தை எழுதி வைத்த படிகளும் உண்டு. கிரந்தம் எப்படி உருவானது, எது எப்போது சேர்ந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த ஓரங்களிலும் முன் ஏடுகளிலும்தான் இருக்கிறது. அச்சுப் பிரதியில் அது கிடைக்காது.

1984-க்கு முன் இதை ஆராய்ந்தவர்கள் அமிர்தசரஸுக்குப் போய் அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்தார்கள். தங்கள் நூல்களின் அடிக்குறிப்பில் நூலகத்தின் பெயரையும் கைப்பிரதி எண்ணையும் குறித்தார்கள். இன்று அந்த நூல்களைப் படிக்கும் எவருக்கும் அந்த அடிக்குறிப்பில்தான் வழி மூடிக்கொள்கிறது. அந்த எண்ணுக்குரிய கைப்பிரதி எரிந்துவிட்டதா, டெல்லியில் ஏதோ அறையில் இருக்கிறதா, திரும்பி வந்து அமிர்தசரஸ் அலமாரியிலேயே இருக்கிறதா, யாரோ ஒருவரின் வீட்டில் இருக்கிறதா, தெரியாது. எரிந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தாலாவது, முன்னோர் குறித்து வைத்ததை மட்டும் நம்பி வேலை செய்யலாம். இருக்கிறது என்று தெரிந்தால் அனுமதி கேட்டுப் போய் நிற்கலாம். இரண்டுமே தெரியாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுத முடிவதில்லை. மொத்தம் எத்தனை நூல்கள் என்பதில்கூட ஒத்த கருத்து இல்லை. 12,000 என்பவர்களும் இருக்கிறார்கள், 20,000 என்பவர்களும் இருக்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1708-இல் குரு கோவிந்த் சிங் இனி கிரந்தமே குரு என்று அறிவித்ததிலிருந்து, சீக்கியர்களுக்கு அது உயிருள்ள குரு. ஒவ்வொரு படியையும் சரூப் என்றுதான் சொல்கிறார்கள், குருவின் திருமேனி என்ற பொருளில். இரவில் பட்டுத் துணியில் சுற்றி, தலையில் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, விடியலில் மறுபடி அழைத்து வருகிறார்கள். அப்படிப்பட்ட சரூப்புகளும் இருந்த அந்த நூலகத்தின் ஏடுகளைச் சாக்கு மூட்டைகளில் கட்டி, எண் போட்டு வைத்திருந்ததாக சிபிஐ விசாரணையில் இருந்த ஓர் அதிகாரியே பின்னாளில் பத்திரிகைகளிடம் சொன்னார். மூட்டைக்கு எண் போட்டவர்கள் உள்ளே இருந்ததற்கும் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள் அல்லவா? அந்தக் குறிப்பை வெளியிடுவதில் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன கேடு வந்துவிடும்?

அந்நிய ஆட்சியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குரு நானக்கின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய ஜனம்சாகி ஒன்று, கோல்புரூக் என்ற ஆங்கிலேயர் கொடுத்து லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்துக்குப் போயிருந்தது. 1883-இல் அமிர்தசரஸ் சீக்கியர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று பஞ்சாப் துணைநிலை ஆளுநர் ஏச்சிசனிடம் மனுக் கொடுத்தார்கள். கைப்பிரதி கப்பலேறி பஞ்சாபுக்கு வந்தது. 1885-இல் ஒளிப்படமாக அச்சடித்துப் படிகள் எடுக்கப்பட்டன. மனுக் கொடுத்த இரண்டே வருடத்தில்! நம் அரசிடம் நாற்பது வருடங்களாகக் கேட்டும் ஒரு பட்டியல் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அதே லண்டனில் 1733-இல் எழுதிய ஓவிய ஜனம்சாகி ஒன்றும் இருக்கிறது. பி-40 என்று உலகமே அதை அழைக்கிறது. நூலகப் பட்டியலில் அதற்குக் கொடுத்த எண் அது. எழுதியவர் தயா ராம், வரைந்தவர் ஆலம் சந்த், எழுதச் சொன்னவர் சங்கு என்பது வரை இன்று நமக்குத் தெரிகிறது. பட்டியலில் ஏறிய ஏடு தொலைந்தால் தொலைந்தது தெரியும். ஏறாத ஏட்டை யார் எடுத்துப் போனாலும் கேட்க நாதியில்லை.

கமிட்டித் தலைவர் அவர்களே, அரசை மட்டும் குறை சொல்லி உங்களை விட்டுவிட முடியவில்லை. பழசாகிப்போன சரூப்புகளை மரியாதையோடு கோயிந்த்வாலில் எரியூட்டுகிறீர்கள். அச்சுப் படிகள் என்றால் சரி. கைப்பிரதிகளும் அந்தத் தீயில் போயிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் எவ்வளவு காலமாகப் புலம்புகிறார்கள்! கார் சேவை என்ற பெயரில், அதாவது தொண்டாகச் செய்யும் புதுப்பிப்பு வேலையில், எத்தனை குருத்வாராக்களில் பழைய சுவரோவியங்கள் பளிங்குக்கு அடியில் மறைந்துவிட்டன! 2019 மார்ச் 30 இரவில் தரன் தாரன் குருத்வாராவின் பழைய நுழைவாயிலான தர்ஷனி டியோடியை இடிக்கத் தொடங்கியதும் நீங்களே கார் சேவையை நிறுத்தினீர்கள். நிறுத்தியதற்கு நன்றி. ஆனால் இடிக்கும் அளவுக்கு விஷயம் போனதே, அதுதான் வலிக்கிறது. ராணுவம் எடுத்துப் போனதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு நிச்சயம் உண்டு. திரும்பி வந்தது என்ன என்று சொல்லும் கடமையும் அதே அளவுக்கு உண்டு. விசாரணைக் குழு என்ன கண்டது என்பதைச் சீக்கிய மக்களுக்கு முழுமையாகச் சொல்லுங்கள்.

கோபத்தில் சில வார்த்தைகள் கடுமையாக வந்திருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். உள்துறை அமைச்சர் அவர்கள், சிபிஐயிடம் உள்ள கைப்பற்றல் பதிவேடுகளையும் ஒப்படைப்பு ரசீதுகளையும் பொதுவில் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பாதுகாப்பு அமைச்சர் அவர்கள், ராணுவம் சிபிஐயிடம் கொடுத்தபோது எழுதிய கணக்கை வெளியிட வேண்டும். கமிட்டித் தலைவர் அவர்கள், 1984-க்கு முந்தைய நூலகப் பதிவேட்டில் மிஞ்சியதையும், திரும்பி வந்தவற்றின் விவரத்தையும் வெளியிட வேண்டும். மூன்றும் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஆய்வாளர்கள் செய்துகொள்வார்கள். முழுப் பட்டியல் தயாராகவில்லை என்றால் கையில் இருக்கும் பக்கங்களை முதலில் வெளியிடுங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, குர்முகியில் மட்டும் இருந்தாலும் போதும், படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிரந்தம் படிக்கும் ஒரு வாசகன்