அந்த மூன்று இறக்கைகள் கிடைத்துவிட்டன

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். நாலு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டுவதென்றால் கொஞ்சம் பொறுத்து மொத்தமாகத் திட்டு, ஏனென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் உனக்கு இன்னும் பெரிய காரணம் கிடைத்துவிடும்.

படகு எஞ்சின் சூடாகிறது என்று கடைசியாகப் பேசியபோது சொன்னேன், "டீசல் எஞ்சின் சூடாகாமல் ஜில்லென்றா இருக்கும்" என்று சிரித்தாய். சரி, சிரி. ஆனால் இது வேறு மாதிரி சூடு. ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிட்டாலும் முள் 80-ஐத் தாண்டாது. மெதுவாகப் போனாலும் வம்பில்லை. நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டியதும் முள் நகர ஆரம்பிக்கும், பத்து நிமிடத்தில் 95 டிகிரி, அலாரம் அலறும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்கு எது எட்டியதோ அதையெல்லாம் மாற்றினேன். முதலில் தெர்மோஸ்டாட், சூடானால் தானே திறந்து கூலண்டைக் குளிரப் போகவிடும் வால்வு. புதியதை மாட்டிய பிறகுதான் பழையதைப் பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 77 டிகிரியில் சமர்த்தாக வாய் திறந்தது. அப்புறம் கூலண்ட், அப்புறம் கூலண்ட் டேங்க்கின் மூடி. வாங்கிவிட்டு யோசிக்கிற ஆள் என்று உன் தங்கச்சி சொல்வது சும்மா இல்லை.

உண்மையைச் சொன்னால், மனதுக்குள் சந்தேகம் முழுக்க உன்மேல்தான். அந்த இம்பெல்லரை, கடல்நீரை இழுக்கும் பம்ப்புக்குள் சுற்றும் இறக்கை வைத்த ரப்பர் சக்கரத்தை, கடைசியாக மாட்டியது நீ. கிளிசரின்தான் தடவினேன் என்று சத்தியம் செய்தாய், நீ கிரீஸைத் தடவி ரப்பரை ஊதவைத்திருப்பாய் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அதனால்தான் உனக்கு எழுதவில்லை. போதுமா?

போன மாதம் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முகத்துவாரத்தில் நீரோட்டம் எதிரே வந்தது, வேகம் கூட்டாமல் தாண்ட முடியாது. கூட்டினேன், அலாரம். எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டேன். ஓரத்தில் பாறை, கையெல்லாம் நடுக்கம். கூலண்ட் குறைந்துவிட்டதோ என்று துணியைச் சுற்றி மூடியில் கை வைத்துவிட்டேன் மச்சான். "அப்பா, சூடா இருக்கும்போது அதைத் தொடவே கூடாதுன்னு மாமா சொன்னாரே" என்றாள். அந்த மூடிக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும், திறந்த நொடியில் ஆவியாகப் பாய்ந்து முகத்தை வேகவைத்துவிடும். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை. அவள் முகமும் என் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்றையும் அவள்தான் கவனித்தாள். எஞ்சின் ஆறிய பிறகு மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கொஞ்சமாத்தான் வருது, நிறைய வெள்ளைப் புகையா இருக்கு" என்றாள். அது புகையில்லை, ஆவி. அதாவது எஞ்சினுக்குள் சுற்றும் கூலண்டில் கோளாறில்லை, அதைக் குளிரவைத்துவிட்டுப் பின்பக்கமாக வெளியேறும் கடல்நீர்தான் போதவில்லை. முதல் நாளே பின்னால் போய் நின்று பார்த்திருந்தால் ஒரு தெர்மோஸ்டாட்டாவது மிஞ்சியிருக்கும்.

மறுநாள் தண்ணீர் வரும் வழியிலேயே போனேன். கடல்நீரை உள்ளே விடும் அடிவால்வை மூடி, குழாயைக் கழற்றி, கொஞ்சமாகத் திறந்தேன், பீறிட்டுக்கொண்டு வந்தது. அதுவரை அடைப்பில்லை. வடிகட்டியில் கொஞ்சம் பாசி. அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஏனென்றால் அங்கே பம்ப் உறிஞ்சுகிற பக்கம், தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தேன், குமிழ் இல்லை. பம்ப்பைத் திறந்தேன். உன் இம்பெல்லர் ஆறு இறக்கையோடும் மெத்தென்று உட்கார்ந்திருந்தது. சரி, கிளிசரின்தான். மன்னித்துக்கொள்.

மிச்சம் ஹீட் எக்ஸ்சேஞ்சர், கூலண்டின் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொள்ளும் இடம். கடல்நீர் நுழையும் பக்கத்து மூடியைக் கழற்றினேன். பென்சில் பருமனில் வரிசையாகக் குழாய் வாய்கள், பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியவில்லை. கிளிஞ்சல் துண்டு, பாசி, வெள்ளை உப்புப் பொருக்கு. விரலால் வழித்தெடுத்தால் அடியில் கறுப்பாக, தட்டையாக, வளைந்த ரப்பர். ஒன்று, இரண்டு, மூன்று.

ஞாபகம் வருகிறதா? இரண்டு வருடத்துக்கு முன்னால் அடிவால்வைத் திறக்க மறந்து நான் எஞ்சினை ஓட்டிய அன்று. தண்ணீரில்லாமல் ஓரிரு நிமிடம், இம்பெல்லர் கிழிந்தது. நீ கழற்றி எடுத்து எண்ணினாய், மூன்று இறக்கை குறைந்தது. தேடாமல் மூடாதே என்றாய். "எக்ஸாஸ்ட் வழியாகக் கடலுக்குப் போயிருக்கும், இந்நேரம் மீன் தின்றிருக்கும்" என்று மூடியவன் நான். அவை இத்தனை நாளும் அங்கேயே உட்கார்ந்து, வருகிற குப்பையையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கின்றன. திறந்திருந்த நாலைந்து குழாய் ஐடிலுக்குப் போதும். வேகம் கூடினால் சூடும் கூடும், அது தாங்காது.

மெல்லிய மரக்குச்சியை எதிர்ப் பக்கத்திலிருந்து விட்டு ஒவ்வொரு குழாயாகத் தள்ளினேன். கம்பி விடவில்லை, கீறினால் ஓட்டை. மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைவதற்காக உள்ளே இருந்த துத்தநாகத் துண்டு பட்டாணி அளவுக்குக் கரைந்து போயிருந்தது, அதையும் மாற்றியாயிற்று. நேற்று 2400 சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். 82. அசையவில்லை. பாப்பா சாவியை அடிவால்வின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், இனி வால்வைப் பார்க்காமல் சாவியை எடுக்க முடியாது.

இன்னும் எக்ஸாஸ்ட் வளைவு இருக்கிறது, தண்ணீரும் புகையும் சேருகிற இடம். இங்கே இத்தனை பொருக்கு என்றால் அங்கே கரியும் உப்பும் சேர்ந்து எவ்வளவு அடைத்திருக்குமோ. நான்கு போல்ட்டும் துருப்பிடித்துக் கிடக்கின்றன, தனியாகக் கை வைக்கப் பயமாக இருக்கிறது, இறக்கையைத் தேடச் சொன்ன ஆளும் பக்கத்தில் இருந்தால் நல்லது. அடுத்த வாரம் வா. வரும்போது அந்த நீளமான ஸ்பானரைக் கொண்டு வா. அது என்னுடையது.

உன்
மச்சான்