வைஃபை வேறு, நெட் வேறு பாப்பா

பாப்பா,

குழுப் பெண்களுக்கு நெட் பற்றி வகுப்பெடுக்கச் சொல்லிவிட்டார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். பிரவுசிங் சென்டர்காரர் மகள் என்று உன் தலையில் கட்டியிருப்பார்கள். சரி, கேள்.

1969-ல் ஆர்ப்பாநெட், அதுதான் இன்டர்நெட்டுக்கு முன்னோடி என்று வரலாற்றில் ஆரம்பிக்காதே, பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இங்கே காரிமங்கலத்தில் கடைக்கு வருகிறவர்களுக்கு வைஃபையும் நெட், கூகுளும் நெட், வாட்ஸ்அப்பும் நெட். அதைப் பிரித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. வைஃபை என்பது ரவுட்டருக்கும் (வைஃபை தரும் பெட்டி) போனுக்கும் நடுவில் மட்டும்தான், அந்தப் பெட்டிக்கு நெட் வெளியிலிருந்து கேபிளில் வருகிறது. சில நேரம் போனில் வைஃபை குறி முழுசாக நிற்கும், ஒன்றும் திறக்காது. அப்போது போனைச் சும்மா அணைத்து அணைத்துப் போடாமல், அந்தக் கேபிள் வந்து சேரும் ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று அர்த்தம்) என்று எழுதியிருக்கும் லைட்டைப் பார்க்கச் சொல். சிவப்பாக மின்னினால் கோளாறு கேபிளில். (நம்ம பக்கம் ரோட்டோரம் ஜேசிபி வந்தாலே எனக்கு அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும்.) அப்புறம், குரோம் என்பது பிரவுசர், அதாவது தளங்களைத் திறந்து காட்டும் ஆப், கூகுள் அதில் திறக்கும் ஒரு தேடும் தளம். வாட்ஸ்அப் ஆப்புக்கு பிரவுசர் தேவையில்லை, இன்டர்நெட் தேவை.

ஆனால் நேரம் செலவழிக்க வேண்டியது யூஆர்எல்லுக்கு, அதாவது பிரவுசரில் மேலே வரும் முகவரிக்கு. பட்டா பார்க்கும் தளத்தையே திறந்து காட்டு: இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் (eservices.tn.gov.in). தபால் முகவரி மாதிரிதான், பெரிய ஊர் கடைசியில். இன் என்றால் இந்தியா, கவ் அரசு, டிஎன் தமிழ்நாடு, இசர்வீசஸ் அதற்குள் ஒரு பிரிவு. முகவரியின் தொடக்கத்தில் வரும் ஹெச்டிடிபிஎஸ்ஸை (https) ஒட்டிய இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த ஒற்றைக் கோடு வரைக்கும் உள்ளதைப் பின்னாலிருந்து படிக்கப் பழக்கு. முன்னால் டிஎன், கவ், பட்டா என்று எவன் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், கவ் டாட் இன் என்று முடிகிற பெயர் அரசுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஹெச்டிடிபிஎஸ் இருந்தால் நல்ல தளம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. போகிற வழியில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், திருடன் தளத்திலும் அது இருக்கும்.

கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுப்பதை நிறுத்தச் சொல். மேலே ஸ்பான்சர்ட் என்று வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம், அது மோசடிக்காரன் போட்ட நம்பராகவும் இருக்கலாம். அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, அடிக்க வேண்டும், இதைப் போர்டில் பெரிசாக எழுதிப் போடு.

குக்கீ, கேச், ஐபி எல்லாம் அடுத்த வகுப்புக்கு இருக்கட்டும். யார் யாரிடம் டச் போன், யாரிடம் பட்டன் போன் என்று கேட்டு மெசேஜ் போடு, அதைப் பார்த்து மீதியைச் சொல்கிறேன்.

அப்பா