பாண்ட் அவர் காலத்திலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜேம்ஸ் பாண்ட் நாவல்களைப் புதிய எழுத்தாளர்கள் தொடர்வது பற்றிய தங்கள் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங் 1964-இல் மறைந்த பின் பலர் பாண்டை எழுதிவிட்டனர். ஆனால், பனிப்போர்க் காலத்தை விட்டு வெளியே வந்தால் அந்தப் பாத்திரம் உயிரிழந்துவிடுகிறது. 2011-இல் ஜெஃப்ரி டீவர் அவரை நம் செல்போன் காலத்துக்குக் கொண்டுவந்தார். விறுவிறுப்பான நாவல்தான், இருந்தும் எனக்கு அது வேறொரு உளவாளியின் கதையாகவே பட்டது. ஆன்டனி ஹாரோவிட்ஸோ 'ட்ரிகர் மார்ட்டிஸ்' (2015) கதையை 1957-இல், ஃபிளெமிங்கின் 'கோல்டுஃபிங்கர்' நாவலின் கதை முடிந்த கையோடு தொடங்கினார். தொலைக்காட்சிக்கென ஃபிளெமிங் எழுதிவைத்த கார்ப் பந்தயக் கதையையும் அதில் சேர்த்தார். அதைப் படித்தபோது நம்பிக்கை துளிர்த்தது.

பதிப்புரிமை வைத்திருப்போர் இனி வரும் நாவல்களையும் 1950, 60-களிலேயே அமைக்கச் சொல்ல வேண்டும். ஃபிளெமிங்கின் குறிப்புகளிலிருந்து எடுத்தவை எவை என்பதையும் பின்னுரையில் அச்சிட வேண்டும்.